கேள்வியும் வழியும்



ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்காவிலிருந்து ஒருவர் இறைநாட்டத்தோடு புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்திக சமாஜத்தின் கோயில் அருகிலேயே இருக்கிறது; சங்கர மடமும் இருக்கிறது. செம்பூர் வரை செல்ல மனமிருந்தால் சேடா நகரில் முருகனைத் தரிசிக்கலாம். தாராவிப் பக்கம் திரும்பினால் பிள்ளையார் கோயில், மாதா கோயில், பள்ளிவாசல், புத்த விகாரம் ஆகிய யாவும் நடந்தே சென்று காணக்கூடிய தொலைவில் உள்ளன. இவை போதாவென்று கீதை வகுப்பு, தியான வகுப்பு, யோகாசன முகாம், பஜனை மண்டலி என வாரந்தோறும் அழைப்புகள் வருகின்றன. வீட்டை விட்டே வெளியேற விருப்பமில்லையா? கையிலுள்ள தொலைபேசியைத் தொட்டால் நூறு குருமார்கள் ஏககாலத்தில் உபதேசம் செய்யக் காத்திருக்கிறார்கள்.

நம் பாட்டனார்களுக்கு இந்தச் சங்கடம் இருந்ததில்லை. திருநெல்வேலிச் சீமையிலோ, தஞ்சைத் தரணியிலோ, பாலக்காட்டிலோ அவர்கள் வாழ்ந்த காலத்தில் ஊருக்கு ஒரு கோயில், குடும்பத்துக்கு ஒரு குலதெய்வம், மரபுக்கு ஓர் ஆசாரியர் என்று வழி பிறப்போடு ஒட்டி வந்தது. தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே பெரும்பாலும் எழவில்லை. பிழைப்பைத் தேடி நாம் ரயிலேறியபோது அந்த வழியில் ஒரு பகுதியை மட்டுமே மூட்டை கட்டிக்கொண்டு வர முடிந்தது. படமும் விளக்கும் வந்தன. ஆற்றங்கரையும் திருவிழாவும் உறவினர் கூட்டமும் ஊரிலேயே தங்கிவிட்டன. ஆகவே அயல் மாநிலத்தில் வாழும் தமிழர் ஒவ்வொருவரும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், சமய விஷயத்தில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் நிலைக்கு உள்ளாகிறார். பழைய வழக்கத்தை அப்படியே தொடர்வதுகூட இங்கே ஒரு தேர்வுதான். அதற்கும் முயற்சி வேண்டியிருக்கிறது.

அந்தத் தேர்வை எவ்வாறு செய்வது என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு அந்தச் சபலம் விட்டுப் போவதில்லை. ஆன்மிக உலகில் இன்று மிகுதியாக வழங்கும் சொல் 'விழிப்பு' என்பது. புத்தர் என்னும் பெயருக்கே விழித்தெழுந்தவர் என்பதுதான் பொருள். அந்தப் பெயருக்கு அடிப்படையான வடமொழி வேர், விழித்தல், அறிதல் ஆகிய இரண்டையும் ஒருங்கே குறிக்கும். தமிழிலும் இது பொருத்தமான சொல்லே. ஆயினும் 'விழிப்புணர்வு' என்று நீண்டு, சாலைப் பாதுகாப்புக்கும் கொசு ஒழிப்புக்கும் வங்கி மோசடித் தடுப்புக்கும் உரிய வாரங்களில் சுவரொட்டியெங்கும் ஒட்டப்பட்டு, அது பெரிதும் களைத்துப் போய்விட்டது. ஆனால் அதன் பழைய பொருளில் ஒரு நுட்பம் உண்டு. உறங்குகிறவனுக்குத் தான் உறங்குவது தெரியாது. அது மட்டுமன்று, விழித்தெழுந்துவிட்டதாகவே கனவு காண்பதும் உண்டு. கனவிலேயே எழுந்து, பல் துலக்கி, அலுவலகத்துக்கும் புறப்பட்டுவிடுகிறோம்! ஆன்மிகத்திலும் இந்த ஆபத்து உள்ளது. ஒரு கூட்டத்தில் அமர்ந்து கண்ணீர் பெருகிவிட்டால், ஒரு சொற்பொழிவைக் கேட்டு மெய்சிலிர்த்துவிட்டால், விழித்துவிட்டோம் என்று எண்ணிவிடுகிறோம். மெய்யான விழிப்பையும் விழிப்பைப் பற்றிய கனவையும் எதைக் கொண்டு பிரித்தறிவது?

இதற்கு விடை தேட இமயமலைக்குப் போக வேண்டியதில்லை. நாம் வாழும் இந்த மும்பையிலேயே, 1930-களில், இரண்டு மனிதர்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வழி தேடினார்கள். ஒருவர் உலகறிந்த அறிஞர். மற்றவர் பீடிக்கடை வைத்திருந்தவர். இருவரும் சென்ற திசைகள் வேறு; அடைந்த முடிவுகளும் வேறு.

அறிஞர், டாக்டர் அம்பேத்கர். 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் தேதி, நாசிக் மாவட்டத்தைச் சேர்ந்த யேவலா என்னும் ஊரில் நடந்த மாநாட்டில், தாம் பிறந்த சமயத்திலேயே இறக்கப்போவதில்லை என்று அவர் அறிவித்தார். தீண்டாமையை ஒழிக்கப் பல ஆண்டுகள் நடந்த போராட்டங்களில் கோயில் கதவுகள் திறக்கப்படாததைக் கண்ட பிறகு எடுத்த முடிவு அது. நாடு முழுவதும் பரபரப்பு உண்டாயிற்று. பல சமயத் தலைவர்களும் தத்தம் சமயத்துக்கு வருமாறு அவரை அழைத்தனர். அழைப்புகள் வந்து குவிந்தபோது அவசரத்தில் எதையாவது ஒன்றைப் பற்றிக்கொள்வது எளிது. அவர் அவ்வாறு செய்யவில்லை.

அடுத்த ஆண்டு, 1936 மே மாத இறுதியில், தாதரை அடுத்த நாய்காவில் மகார் மக்களின் மாநாடு கூடியது. மாட்டுங்காவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய இடம்தான். அங்கே அம்பேத்கர் மராத்தியில் நிகழ்த்திய நெடிய சொற்பொழிவுக்கு 'முக்தி கோன் பதே?' என்று பெயர். விடுதலைக்கு வழி எது என்பது அதன் பொருள். அந்தச் சொற்பொழிவைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பார்கள். எந்தச் சமயத்தில் சேர வேண்டும் என்பதை அவர் அதில் சொல்லவேயில்லை. சமயம் ஒன்று மனிதனுக்கு எதைத் தர வேண்டும் என்பதையே முதலிலிருந்து கேட்கிறார். மதமாற்றத்தை வாழ்வியல் நோக்கிலும் பார்க்கிறார். ஆன்மிக நோக்கிலும் பார்க்கிறார். நீண்ட பயணத்துக்குப் படகோட்டி முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்வதைப் போல இதற்கும் ஆயத்தம் வேண்டும் என்கிறார். முடிக்கும்போது, புத்தர் தம் இறுதி நாட்களில் ஆனந்தருக்குச் சொன்ன அறிவுரையை நினைவூட்டி, அவரவர் தம் அறிவையே துணையாகக் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறார். கூடியிருந்த மக்கள் ஆணையை எதிர்பார்த்து வந்திருக்கக்கூடும். அவர் கொடுத்தது ஒரு கேள்வியை.

பிறகு இருபது ஆண்டுகள் கழிந்தன. இடையில் ஓர் உலகப் போர், நாட்டின் விடுதலை, அரசியல் சட்டம் இயற்றும் பெரும்பணி எல்லாம் வந்து சென்றன. சீக்கிய சமயத்தை அவர் நெருங்கி ஆராய்ந்தார். பௌத்த நூல்களை ஆழ்ந்து கற்றார். 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி நாகபுரியில், பர்மாவில் பிறந்த முதிய பிக்கு சந்திரமணியிடம் தீட்சை பெற்று, பின்னர் அங்குத் திரண்டிருந்த இலட்சக்கணக்கான மக்களுக்குத் தாமே உறுதிமொழிகளைச் சொல்லிக் கொடுத்தார். யேவலாவிலிருந்து நாகபுரிக்கு இருபத்தோர் ஆண்டுகள்! அதற்குப் பின் அவர் வாழ்ந்தது இரண்டு மாதத்துக்கும் குறைவு. டிசம்பர் 6-ஆம் தேதி தில்லியில் மறைந்து, மறுநாள் தாதர் கடற்கரையில் எரியூட்டப்பட்டார். இன்று சைத்யபூமி என்று வழங்குவது அந்த இடமே.

ஆனால் கணக்கை யேவலாவிலிருந்து தொடங்குவதும் சரியாகாது. 1907-ஆம் ஆண்டு இதே பம்பாயில் அவர் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றபோது, கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். பின்னாளில் தாதரில் கட்டிய வீட்டுக்கு அம்பேத்கர் 'ராஜகிருகம்' என்று பெயரிட்டார். புத்தர் பலகாலும் தங்கியிருந்த மகதத் தலைநகரின் பெயர் அது. ஒரு வித்து விழுந்து, நிலத்துக்குள் நெடுங்காலம் கிடந்து முளைத்ததை இங்கே காண்கிறோம். பரிசாகக் கிடைத்த புத்தகம் ஒன்றைப் படித்த மறுநாளே அவர் மதம் மாறியிருந்தால் அதனை வரலாறு பொருட்படுத்தியிருக்குமா என்பது ஐயமே.

தமிழர்களாகிய நாம் இங்கே பெருமிதத்தோடு நினைவுகூரத் தக்க செய்தி ஒன்றும் உண்டு. நாகபுரிக்கு ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1898-ல், சென்னையைச் சேர்ந்த அயோத்திதாசப் பண்டிதர் கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்புக்குச் சென்று பௌத்த தீட்சை பெற்றார். திரும்பி வந்து சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-ல் அவர் தொடங்கிய வார இதழ் தமிழ்நாட்டுக்கு வெளியிலும் படிக்கப்பட்டது. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்களிடையே அவருடைய சங்கத்தின் கிளை வேரூன்றியது. அவர்களும் நம்மைப் போல ஊரைவிட்டு வந்தவர்களே. அதே 1907-ல் சென்னைப் பேராசிரியர் லட்சுமி நரசு பௌத்தத்தின் சாரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலை, 1948-ல் அம்பேத்கர் தம் முன்னுரையோடு மறுபடியும் வெளிவரச் செய்தார். சென்னையில் எழுந்த சிந்தனை பம்பாய்க்கு வந்து சேர்ந்த பாதைகளுள் இதுவும் ஒன்று.

இனி, பீடிக்கடைக்காரரிடம் வருவோம்.

மாருதி காம்பளி 1897-ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்தார். கொங்கணத்தில் கந்தல்காவ் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். தந்தை இறந்த பின் 1918-ல் பிழைப்புக்காகப் பம்பாய்க்குத் திரும்பினார். சிறிது காலம் எழுத்தர் வேலை. பிறகு சொந்தக் கடை. குழந்தைகளின் உடைகள், புகையிலை, பீடி ஆகியவை விற்பனைப் பொருள்கள். வியாபாரம் செழித்துக் கடைகள் எட்டாகப் பெருகின. திருமணமாயிற்று, ஒரு மகனும் மூன்று மகள்களும் பிறந்தனர். அதிகப் படிப்பில்லை. நம்மூர் மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவரை மனக்கண்ணில் நிறுத்திக்கொண்டால் போதும்.

1933-ல் நண்பர் ஒருவர் அவரைச் சித்தராமேஷ்வர் மகராஜ் என்னும் குருவிடம் அழைத்துச் சென்றார். குரு கொடுத்த உபதேசம் மிகவும் சுருக்கமானது. 'நான் இருக்கிறேன்' என்னும் உணர்வு ஒவ்வொருவரிடமும் இருக்கிறதல்லவா? 'நான் கடைக்காரன்', 'நான் இன்னாருடைய மகன்' என்னும் அடைமொழிகளை நீக்கிவிட்டு, அந்த வெறும் இருப்புணர்விலேயே மனத்தை நிறுத்தச் சொன்னார். காம்பளி அதை நம்பிச் செய்தார். கடையை நடத்திக்கொண்டே செய்தார். மூன்று ஆண்டுகளுக்குள் குரு மறைந்துவிட்டார்.

இதன் பிறகு நிகழ்ந்தது நம் பொருளுக்கு மிகவும் முக்கியமானது. 1937-ல் காம்பளி குடும்பத்தையும் கடைகளையும் விட்டுவிட்டுத் துறவிபோலப் புறப்பட்டார். தென்னாட்டிலும் சுற்றினார். இமயத்துக்குச் செல்லும் எண்ணம் இருந்ததாகச் சொல்வர். வழியில் தம் குருவின் மற்றொரு சீடரைச் சந்தித்து உரையாடியபோது, பற்றின்றி உலகில் வாழ்வதே தமக்கு ஏற்றது என்று தெளிந்து, 1938-ல் திரும்பிவிட்டார். வந்து பார்த்தால் எட்டுக் கடைகளில் ஒன்றே மிஞ்சியிருந்தது. அது போதுமென்று அதிலேயே உட்கார்ந்தார். துறவுக்குப் புறப்பட்டவரைப் போற்றும் கதைகள் நம்மிடம் ஏராளம். புறப்பட்டுப் போய், வேண்டாமென்று திரும்பி வந்து, கடையைத் திறந்தவரைப் போற்றும் கதை அரிது. என் மனத்துக்கு இரண்டாவதே அதிகத் துணிவு வேண்டிய செயலாகப் படுகிறது.

நிசர்கதத்த மகராஜ் என்று பிற்காலத்தில் பெயர் பெற்றவர் இவரே. கிராண்ட் ரோடு ரயில் நிலையத்துக்கு அருகே, கேத்வாடி பத்தாவது சந்தில், தம் வீட்டிலிருந்த சிறிய பரண் அறையில் வருவோருடன் பேசினார். பேச்சு மராத்தியில்தான். தெரியாதவர்களுக்கு அருகில் இருந்தவர்கள் மொழிபெயர்த்தார்கள். வங்கியொன்றின் தலைமைப் பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ரமேஷ் பால்சேகர் அவ்வாறு மொழிபெயர்த்தவர்களுள் ஒருவர். போலந்து நாட்டவரான மாரிஸ் ஃப்ரிட்மன் அந்த உரையாடல்களை ஆங்கிலத்தில் தொகுத்தார். 1973-ல் மும்பையின் சேதனா பதிப்பகம் அதை நூலாக வெளியிட்டது. அதன் பிறகே உலகம் அந்தச் சந்தைத் தேடி வந்தது. ஃப்ரிட்மன் பொறியாளர், பெங்களூரில் அரசாங்க மின்பொருள் தொழிற்சாலையை நடத்தியவர், காந்தியடிகளோடு பழகியவர், திருவண்ணாமலையில் ரமண மகரிஷியைக் கண்டு கேள்விகள் கேட்டவர். இத்தனையும் கண்ட ஒருவர் முதிய வயதில் பீடிக்கடைக்காரரின் பரணில் அமர்ந்து குறிப்பெடுத்தார் என்றால், அவர் தோற்றத்தைப் பார்த்து ஏமாறுகிறவராகவோ மயங்குகிறவராகவோ இருந்திருக்க முடியாது.

மகராஜ் 1981-ல் தொண்டைப் புற்றுநோயால் மறைந்தார். நெடுநாள் புகைத்தவர் அவர். ஞானம் நோயைத் தடுத்ததென்று அவரும் சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டியதில்லை. தீராத நோய் தீருமென்றும், மருந்தை நிறுத்திவிடலாமென்றும் சொல்லி அழைக்கிறவர்கள் நாட்டில் பெருகியிருப்பதால் இதைக் குறிப்பிட்டேன்.

இவ்விருவரையும் அருகருகே வைப்பது முறையா என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். நிலையான ஆன்மா என்று ஒன்று உண்டென்பதையே ஏற்காத நெறியை அம்பேத்கர் தேர்ந்தார். மகராஜோ 'நான்' என்னும் உணர்வைப் பற்றிக்கொண்டு உள்ளே சென்றார். ஒருவருக்குச் சமயம் என்பது மனிதர்கள் ஒருவரோடொருவர் எவ்வாறு வாழ்வது என்பதைப் பற்றியது. மற்றவர் அந்தப் பேச்சை அதிகம் எடுத்ததில்லை. எல்லா நதிகளும் கடலில் கலக்கும் என்று சொல்லி இந்த வேற்றுமையை மழுப்பிவிடுவது நம் மேடைகளில் வழக்கம். அதை நான் செய்ய விரும்பவில்லை. அவர்களுடைய வழிகள் வேறாயின. ஏனெனில் அவர்கள் கேட்ட கேள்விகள் வேறு. ஒவ்வொருவரும் கேட்டது தம் வாழ்விலிருந்து எழுந்த கேள்வி. இரவல் வாங்கியதன்று.

நமக்குள்ளும் இந்த வேற்றுமை உண்டு. தாராவியின் தமிழர்களில் பலருடைய முன்னோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்காக வந்தவர்கள். ஊரில் தெருவும் கிணறும் மறுக்கப்பட்ட குடும்பங்கள் அவற்றுள் உண்டு. அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த ஓர் இளைஞர், 'என்னைத் தாழ்ந்தவன் என்று சொல்லாத கடவுள் யார்?' என்று கேட்கிறார். மாட்டுங்காவில் மாடி வீட்டில் வாழும் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர், 'பதவி போய்விட்டது, பிள்ளைகள் கடல் கடந்துவிட்டார்கள், இனி நான் யார்?' என்று கேட்கிறார். பின்னவருடைய கேள்விதான் ஆன்மிகம், முன்னவருடையது வெறும் சமூகப் பிரச்சினை என்று சொல்லும் பழக்கம் படித்தவர்களிடையே இருக்கிறது. வயிறு நிரம்பி, மானத்துக்குக் குறைவின்றி வாழ்பவர் மற்றவருடைய கேள்விக்கு மதிப்பெண் போடுவது முறையன்று. அவமானத்தைப் பொறுத்துக்கொள் என்று மட்டும் கற்பிக்கிற வழி, எவ்வளவு பழமையானதாயினும், அந்த இளைஞருக்கு வழியாகாது. அதேபோல, முதியவருடைய தனிமையை நூறு பேர் கூடிய பஜனையின் ஓசையால் மூடிவிடவும் முடியாது. ஓசை ஓய்ந்தபின் அது மீண்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

ஆகவே வழியைத் தேடுவதற்கு முன்னால் கேள்வியைத் தேட வேண்டியிருக்கிறது. எது நம்மை இரவில் உறங்கவிடாமல் செய்கிறது? அச்சமா, இழப்பா, அவமானமா, குற்ற உணர்ச்சியா, அல்லது எல்லாம் இருந்தும் ஏதோ ஒன்று இல்லை என்னும் வெறுமையா? இதை நாம் பிறந்த மொழியிலே கேட்டுக்கொள்வது நல்லது. அலுவலகத்தில் ஆங்கிலமும் இந்தியும், கடைத்தெருவில் மராத்தியுமாக வாழ்கிற நமக்கு, ஆன்மிகச் சொற்களும் அந்நிய உருவிலேயே வந்து சேருகின்றன. அவை நாவுக்குப் பழகிவிடும். நெஞ்சைத் தொட்டனவா என்பது தெரியாது. அம்பேத்கர் உலகுக்கு ஆங்கிலத்தில் எழுதியவர். தம் மக்களிடம் விடுதலையின் வழியைப் பற்றிப் பேச வந்தபோது மராத்தியில்தான் பேசினார்.

கேள்வி இல்லாதவர்களையே போலிகள் எளிதில் பிடிக்கிறார்கள். வருகிறவரிடம் கேள்வி இல்லையென்றால் அவர்களே ஒரு கேள்வியைக் கொடுத்து, அதற்கு விடையையும் கொடுத்து, இரண்டுக்கும் சேர்த்துக் கட்டணமும் வாங்கிவிடுவார்கள். புதிய ஊரில், உற்றார் உறவினர் அருகில் இல்லாத நிலையில், அன்பாகப் பெயர் சொல்லி அழைக்கும் ஒரு கூட்டம் கிடைத்தால் மனம் உருகிவிடுகிறது. உருகுவதில் தவறில்லை. ஆனால் கேள்வி கேட்பதைக் குறையாகக் கருதும் இடம், வீட்டாரிடம் சொல்லாமல் வரச் சொல்லும் இடம், கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்டால் முகம் மாறும் இடம், பெண்களைத் தனியே வரச் சொல்லும் இடம், விலகிப் போனால் தெய்வக் குற்றம் என்று அச்சுறுத்தும் இடம் ஆகியவற்றிலிருந்து காலணியை மாட்டிக்கொண்டு உடனே புறப்பட்டுவிடலாம். அதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

உண்மையான ஆசிரியர் சீடரை இறுகப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. இதற்கும் அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உள்ளது. செம்பூருக்கு வடக்கே பவாயில் சாந்தீபனி சாதனாலயத்தை ஏற்படுத்திய சுவாமி சின்மயானந்தர், முன்னர் பாலகிருஷ்ண மேனன் என்னும் பத்திரிகையாளர். சாதுக்களின் போலித்தனத்தை அம்பலப்படுத்திக் கட்டுரை எழுதும் நோக்கத்தோடு 1947-ல் ரிஷிகேசத்துக்குச் சென்றார். அங்கே அவர் சந்தித்தவர் சுவாமி சிவானந்தர். நம் பத்தமடையில் பிறந்து, மலேயாவில் மருத்துவராகப் பணி செய்து, பிறகு கங்கைக் கரையை அடைந்த தமிழர். ஐயத்தோடு வந்தவரை அவர் விரட்டவில்லை. 1949-ல் சந்நியாசமும் கொடுத்தார். கொடுத்ததோடு தம்மிடமே நிறுத்திக்கொண்டாரா? வேதாந்த நூல்களை ஆழ்ந்து கற்பதற்காகத் தபோவன சுவாமிகள் என்னும் மற்றொரு ஆசிரியரிடம் செல்லவிட்டார். தம் சீடனுக்குத் தம்மைவிட இன்னொருவர் இந்த வகையில் உதவுவார் என்று சொல்லக்கூடிய குருவைக் கண்டால் அங்கே சற்று நேரம் உட்காரலாம்.

வழியை மாற்றிக்கொள்வது குற்றமா என்று சிலர் வருந்துவதுண்டு. அம்பேத்கரின் இறுதி நூலைப் 'புத்தரும் அவர் தம்மமும்' என்று தமிழில் தந்தவர் பேராசிரியர் பெரியார்தாசன். பகுத்தறிவு மேடைகளில் முழங்கியவர், பௌத்தத்தைத் தழுவியவர், 2010-ல் இஸ்லாத்தை ஏற்று அப்துல்லாஹ் என்னும் பெயர் பூண்டார். அவரைச் சபலக்காரர் என்று எள்ளியவர்கள் உண்டு. பெரியதொரு நூலை வரி வரியாக மொழிபெயர்ப்பது என்பது அதனோடு மாதக்கணக்கில் குடும்பம் நடத்துவது போன்றது. அந்த அனுபவம் எனக்கு ஓரளவு உண்டு. அவ்வளவு நெருங்கிப் பழகிய பின்னும் ஒருவர் மேலே நடந்தார் என்றால் அவரை எள்ளுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை. ஆறு மாதத்தில் நான்கு குருமார்களை மாற்றுகிறவர் கதை வேறு. அவர் எந்தக் கிணற்றையும் நான்கு அடிக்குமேல் தோண்டுவதில்லை; பிறகு, நிலத்திலே நீரில்லை என்கிறார்.

எவ்வளவு ஆழம் தோண்டினோம், நீர் வந்ததா என்பதை எவ்வாறு அறிவது? தியானத்தில் கண்ட ஒளியையும் கேட்ட ஒலியையும் இதற்குச் சான்றாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஓராண்டுக் காலம் ஒரு வழியில் நின்றவர் தம் வீட்டாரைக் கேட்டுப் பார்க்கலாம். முன்னைவிடக் கோபம் குறைந்திருக்கிறதா? வேலைக்கு வரும் பெண்மணியிடம் பேசும் குரல் மாறியிருக்கிறதா? மற்ற வழியில் செல்பவர்களை இகழும் பேச்சு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? மனைவியின் சான்றிதழைப் பெறுவது எளிதன்று என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். அதனால்தான் அதற்கு மதிப்பு.

நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு சொல். விடியற்காலையில் ரயிலைப் பிடித்து, இரவில் திரும்பி, பத்தடி அறையில் ஐந்து பேராகப் படுத்துறங்கும் தாராவித் தொழிலாளியிடம் ஆசிரமவாசத்தைப் பற்றிப் பேசுவது அவரைக் கேலி செய்வதாகும். ஆனால் கேத்வாடியில் நடந்த சாதனைக்குத் தனியறை தேவைப்படவில்லை. வாடிக்கையாளர்கள் வந்து போகும் இடைவேளைகளில், பீடிக்கட்டுகளுக்கு நடுவில், அது நடந்தது. மின்சார ரயிலில் நெரிசலில் நிற்கும்போதும் 'நான் இருக்கிறேன்' என்னும் உணர்வு நம்மோடு நிற்கத்தான் செய்கிறது; இருப்பதற்கு இடம் கிடைக்காவிட்டாலும்!

திருவண்ணாமலையில் 1902-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் தென்னார்க்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த் துறையில் பணியாற்றியவர். கல்லூரியில் தத்துவம் பயின்றவர். 'நான் யார்?' என்னும் கேள்வி நெடுநாளாக அவரை வாட்டிக்கொண்டிருந்தது. மலைக்குகையில் மௌனமாக அமர்ந்திருந்த, இருபத்து மூன்று வயதுகூட நிரம்பாத ரமணரிடம் சென்று அதையே முதற் கேள்வியாகக் கேட்டார். பேசாதிருந்த ரமணர் தமிழில் எழுதிக் காட்டி விடையளித்தார். பிள்ளை ஒவ்வொன்றாகக் கேட்டார். கிடைத்த விடைகளைக் குறித்து வைத்துக்கொண்டார். உடனே கூட்டம் கூட்டி அறிவிக்கவில்லை, அச்சுக்கும் கொடுக்கவில்லை. தம் வாழ்வில் அவற்றைச் சோதித்துக்கொண்டு வந்தார். இன்று உலகின் பல மொழிகளிலும் படிக்கப்படும் அந்தச் சிறு நூல் 1923-ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக அச்சில் வெளிவந்தது.